கலங்காத ஐஸ் டீ

நாகர்கோவிலில் மே மாதத்து மதியம் மூன்று மணிக்குச் சூடாக எதையும் குடிக்கத் தோன்றாது. வட மாவட்டங்களைப் போல இங்கே வெயில் நாற்பது டிகிரியைத் தொடுவதில்லை. பெரும்பாலும் 33, 34 டிகிரியிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் கடற்காற்றில் இருக்கும் ஈரம் வியர்வையை உலரவிடாது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில், நான்கு மணி ஆனால் சாயா வேண்டும் என்ற பழக்கமும் எங்கள் பக்கத்து மனிதர்களை விட்டுப் போவதில்லை. பால் சேர்த்தால் சாயா, பால் இல்லாமல் குடித்தால் கட்டன் சாயா. இரண்டில் ஒன்று உள்ளே போகாவிட்டால் மாலை தொடங்கியதாகவே தோன்றாது. வெயில் ஒன்றைக் கேட்கிறது, பழக்கம் வேறொன்றைக் கேட்கிறது என்ற இந்த நிலையில்தான் வீட்டிலேயே இனிப்பான ஐஸ் டீ போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதல் முயற்சி நன்றாக வரவில்லை. காலையில் மிஞ்சிய கட்டன் சாயாவைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, இரண்டு கரண்டி சீனி போட்டு, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஐந்தாறு ஐஸ் கட்டிகளை எடுத்துப் போட்டேன். எவ்வளவு கலக்கினாலும் சீனி அடியிலேயே கிடந்தது. தேன் நிறத்தில் இருந்த சாயா, ஐஸ் பட்ட சில நிமிடங்களில் குளத்துத் தண்ணீர் போலக் கலங்கிவிட்டது. பாதி குடிப்பதற்குள் ஐஸ் உருகி, சாயாவின் வாசனை மட்டும் உள்ள தண்ணீராக அது மாறியிருந்தது. இனிப்பு சேராதது, நிறம் கலங்கியது, சுவை நீர்த்துப் போனது ஆகிய மூன்று குறைகளுக்கும் வெவ்வேறு காரணங்கள் உண்டு என்பதை அறிந்து அவற்றைச் சரிசெய்ய எனக்கு இரண்டு கோடைகள் பிடித்தன.

இதில் முதல் பாடத்தைக் கற்றுக் கொடுத்தவர் என் மைனி. அண்ணனும் மைனியும் அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தில் வசிக்கிறார்கள். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருந்த மைனி ஒருநாள் பெரிய பாத்திரத்தில் சாயா போட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு, ஆவி பறக்கும்போதே கோப்பை கோப்பையாகச் சீனியைக் கொட்டத் தொடங்கினார். அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அதை ஆற வைக்கப் போகிறேன் என்று மைனி சொன்னதும், "ஆறிப்போனா அது சாயாவா மக்களே?" என்று அம்மா கேட்டார். அங்கே இதற்கு ஸ்வீட் டீ என்று பெயர் என்றும், பல உணவகங்களில் வெறுமனே டீ என்று கேட்டால் குளிர்ந்த, இனிப்பான இந்த டீயையே கொண்டுவந்து வைப்பார்கள் என்றும், சூடாக வேண்டுமானால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றும் மைனி விளக்கினார்.

அந்தப் பழக்கத்தின் வரலாற்றைப் பிறகு தேடிப் படித்தேன். வர்ஜீனியாவின் வீட்டுச் சமையலைப் பற்றி 1879இல் வெளிவந்த ஒரு நூலில் ஐஸ் டீக்கான செய்முறை இருக்கிறது. அது பச்சைத் தேயிலையில் போடுவது. இரவு உணவுக்கு வேண்டுமானால் காலை உணவு வேளையிலேயே இலையில் கொதிநீர் ஊற்றி வைத்துவிட வேண்டும் என்றும், பிற்பாடு கலக்காமல் வடிகட்ட வேண்டும் என்றும், அடியில் தங்கும் வண்டலை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். 1904இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில், இந்தியத் தேயிலையைப் பரப்புவதற்காகச் சென்றிருந்த ரிச்சர்ட் பிளெச்சின்டன் என்பவர் கடும் கோடையில் சூடான தேநீரை யாரும் சீண்டாததைக் கண்டு ஐஸ் சேர்த்துக் கொடுத்தார் என்ற கதை பரவலாக வழங்குகிறது. ஐஸ் டீ அதற்கு முன்பே அங்கே இருந்ததால் அவர் அதைக் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஐஸ் டீ நாடு முழுவதும் பேர் பெற்றதில் அந்தக் கண்காட்சிக்குப் பங்குண்டு. இரண்டாம் உலகப் போரின்போது சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பச்சைத் தேயிலை வருவது நின்றுபோனதால், அமெரிக்கர்கள் பெருமளவில் இந்தியாவின் கறுப்புத் தேயிலைக்கு மாறினார்கள். ஆகவே மைனி அங்கிருந்து கொண்டுவந்த பழக்கத்தில் நம் பக்கத்து இலைக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

சீனிக்கு வருகிறேன். அறை வெப்பத்தில் உள்ள 100 கிராம் தண்ணீரில் ஏறத்தாழ 200 கிராம் சீனி கரையும். கொதிக்கும் தண்ணீரில் ஏறத்தாழ 490 கிராம் கரையும். இந்தக் கணக்கைப் பார்த்தால், ஒரு தம்ளர் குளிர்ந்த சாயாவில் இரண்டு கரண்டி சீனி கரையாமல் இருக்க வழியே இல்லை. ஆனால் குளிர்ந்த நீரில் அது கரையும் வேகம் மிகக் குறைவு. கரைவதற்குள் நாம் குடித்து முடித்துவிடுகிறோம். அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் சாயா கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே சீனியைச் சேர்த்துவிடுகிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. குளிர்ந்த பொருளின் இனிப்பை நம் நாக்கு குறைவாகவே உணர்கிறது. சூடாகச் சுவைத்துப் பார்க்கும்போது சரியாக இருக்கும் இனிப்பு, குளிர்ந்த பிறகு போதாததாகத் தெரியும்; எனவே சூட்டில் சற்றுத் திகட்டும் அளவில் நிறுத்திக்கொள்வதே சரியான அளவு.

நான் இப்போது ஒரு லிட்டருக்கு 75 கிராம் சீனி போடுகிறேன். மைனி போட்டது 100 கிராமுக்குக் குறையாது. என் அளவிலேயே 200 மில்லி தம்ளர் ஒன்றில் 15 கிராம், அதாவது மூன்று சிறு கரண்டி சீனி இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கு இதை நான் கொடுப்பதில்லை. மற்றவர்களுக்கும் ஒரு நாளைக்கு ஒரு தம்ளர் என்பதே எங்கள் வீட்டுக் கணக்கு. சீனியை 50 கிராமாகக் குறைத்தும் பார்த்தேன். குடிக்க நன்றாகவே இருந்தது, ஆனால் தேயிலையின் துவர்ப்பு முன்னுக்கு வந்துவிட்டது.

குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கருப்பட்டியை முயன்று பார்க்காமல் இருக்க முடியுமா? பனையேறுகிற காலமும் கோடையும் ஒன்றாகவே வருகின்றன. பதநீரை நாங்கள் அக்கானி என்போம், அக்கானியைக் காய்ச்சி எடுத்த புதுக் கருப்பட்டி சந்தைக்கு வருவதும் இந்தப் பருவத்தில்தான். சுக்குக் காப்பிக்குக் கருப்பட்டியைப் போல எதுவும் அமையாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் ஐஸ் டீக்கு அது பொருந்தவில்லை. கருப்பட்டியின் புகைமணம் தேயிலையின் மணத்தை முழுவதுமாக மூடிவிடுகிறது; நிறம் கறுத்துப் போகிறது; இரண்டு முறை துணியில் வடிகட்டினாலும் அடியில் மெல்லிய மண்டி படிகிறது. மூன்று முறை செய்து பார்த்த பிறகு விட்டுவிட்டேன். பனங்கற்கண்டு அப்படி இல்லை. அதை இடித்துத் தூளாக்கிச் சூட்டில் கரைத்தால் தெளிவாகக் கரைகிறது, பனையின் மணமும் அளவோடு வருகிறது. விலை கூடுதல் என்பதால் விருந்தினர் வரும் நாட்களுக்கு என்று வைத்திருக்கிறேன்.

இனிப்பின் சிக்கல் முதல் கோடையிலேயே தீர்ந்துவிட்டது. கலங்கலின் சிக்கல்தான் நீண்ட நாள் இழுத்தது. தேயிலையில் கஃபீன் இருக்கிறது. கறுப்புத் தேயிலைக்கு நிறத்தையும் துவர்ப்பையும் கொடுக்கும் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற பொருள்களும் இருக்கின்றன. நீர் சூடாக இருக்கும்வரை இவை தனித்தனியே கரைந்து கிடக்கின்றன. நீர் குளிரும்போது ஒன்றோடொன்று பிணைந்து, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்ணிய துகள்களாகத் திரண்டு, ஒளியைச் சிதறடிக்கின்றன. அதையே நாம் கலங்கலாகக் காண்கிறோம். இது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. குடிப்பதால் எந்தத் தீங்கும் இல்லை. கொஞ்சம் கொதிநீர் ஊற்றினால் மறுபடியும் தெளிந்துவிடும். ஆனாலும் கண்ணாடித் தம்ளரில் வெயில் ஊடுருவித் தெரிகிற ஐஸ் டீயைப் பார்த்த பிறகு கலங்கலானதைக் குடிக்க மனம் வருவதில்லை.

கலங்கலைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது இலை. நம் வீடுகளில் பால் சாயாவுக்கு வாங்கும் தூள், சிடிசி முறையில் செய்யப்பட்டது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் சிறு குருணைகளாக்கும் இந்த எந்திர முறை 1930களில் அசாமில் தொடங்கியது. குருணை சிறியதாக இருப்பதால் சாறு மிக விரைவாகவும் மிக அடர்த்தியாகவும் இறங்கும். பாலை எதிர்த்து நிற்க அந்த அடர்த்தி தேவைதான். ஆனால் சாறு எவ்வளவு அடர்த்தியோ, குளிரும்போது அவ்வளவு கலங்கும். ஐஸ் டீக்கு வேண்டியது ஆர்த்தடாக்ஸ் என்று சொல்லப்படும், இலை இலையாகச் சுருண்டிருக்கும் தேயிலை. அதிலும் நீலகிரித் தேயிலை குளிர்ந்த பிறகும் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும் என்ற நற்பெயர் பெற்றது. ஐஸ் டீக்காகவே அதை வெளிநாடுகளில் விரும்பி வாங்குகிறார்கள். ஊட்டிக்குச் சுற்றுலா போய் வந்த உறவினர் ஒருவர் கொடுத்த கால் கிலோ இலையில் முதன்முறையாகப் போட்டபோதுதான் எனக்கு அந்த வேறுபாடு புரிந்தது. அதே தண்ணீர், அதே சீனி, அதே நேரம்; ஆனால் தம்ளருக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளின் எழுத்துகளைப் படிக்க முடிந்தது. சிடிசி தூள்தான் கையில் இருக்கிறது என்றால் அளவைக் குறைத்து, மூன்று நிமிடத்துக்கு மேல் ஊறவிடாமல் எடுத்துவிடுங்கள். முழுத் தெளிவு வராவிட்டாலும் குடிக்கத் தகுந்ததாக இருக்கும்.

அடுத்தது தண்ணீர். இதை நான் தற்செயலாகத்தான் அறிந்தேன். கடற்கரையை ஒட்டிய ஊரில் இருக்கும் சித்தி வீட்டில், அதே நீலகிரி இலையைக் கொண்டுபோய் ஆசையோடு ஐஸ் டீ போட்டேன். சூடாக இருக்கும்போதே மேலே எண்ணெய் படர்ந்தது போன்ற ஆடை படிந்தது. நிறம் மங்கி, ஆறியதும் கலங்கிவிட்டது. அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். சோப்பு நுரைக்காத அளவுக்குக் கடினமானது. நீரில் உள்ள கால்சியம் தேயிலைச் சாற்றோடு சேர்ந்துதான் அந்த ஆடையை உண்டாக்குகிறது, கலங்கலையும் கூட்டுகிறது. எங்கள் வீட்டுக்கு வருவது முக்கடல் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர். மலையில் பெய்த மழை நேராக அணைக்கு வந்து சேர்வதால் அதில் கடினத்தன்மை குறைவு. குலசேகரம், திற்பரப்பு பக்கம் மலையடிவாரத்தில் வசிப்பவர்களுக்கும் இந்தக் கொடுப்பினை உண்டு. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் சுத்திகரித்த தண்ணீரைப் பயன்படுத்துவது நல்லது. சித்தி வீட்டில் மறுநாள் கேன் தண்ணீரில் போட்டுப் பார்த்தபோது ஆடை படியவே இல்லை.

இனி, நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் ஐஸ் டீக்கு அரை லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதில் 10 கிராம் ஆர்த்தடாக்ஸ் தேயிலையைப் போட்டு, மூடி, ஐந்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். நம் வழக்கப்படி தேயிலையைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க விடக் கூடாது. கொதித்தால் துவர்ப்பு கடுமையாக இறங்கிவிடும், குளிர்ந்த பிறகு எந்தச் சீனியாலும் அதை மறைக்க முடியாது. நிறம் போதவில்லை என்று தோன்றினால் அடுத்த முறை இலையைக் கூட்டிக்கொள்ளலாமே தவிர நேரத்தைக் கூட்டக் கூடாது. ஐந்து நிமிடம் ஆனதும் வடிகட்ட வேண்டும், இலையைக் கரண்டியால் அழுத்திப் பிழியக் கூடாது. கடைசிச் சொட்டையும் எடுத்துவிட வேண்டும் என்ற நம் கைப்பழக்கம் இங்கே கெடுதலைத்தான் செய்கிறது, ஏனென்றால் அந்தக் கடைசிச் சொட்டில்தான் துவர்ப்பும் தூசியும் அதிகம். வடிகட்டிய சூடான சாற்றில் 75 கிராம் சீனியைப் போட்டு முழுவதும் கரையும்வரை கலக்கிய பிறகு, மீதி அரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலேயே சேர்க்க வேண்டும். அந்தத் தண்ணீர் நேரடியாகக் குடிக்கத் தக்கதாக, காய்ச்சி ஆறவைத்ததாக இருக்க வேண்டும்.

சமையல் சோடாவைப் பற்றி மைனி சொன்னதையும் இங்கே சேர்க்கிறேன். இலை ஊறும்போது ஒரு சிட்டிகை சோடா போட்டால் துவர்ப்பு மட்டுப்படும், கலங்கலும் குறையும் என்பது அங்கத்திய வீட்டுக் கைமுறை. சிடிசி தூளுக்கு அது உண்மையாகவே உதவுகிறது. நிறம் மட்டும் கறுத்துவிடும். சிட்டிகை என்றால் சிட்டிகைதான், கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை வந்துவிடும். நல்ல இலைக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து.

சாயாவை ஆறவிடுவதில் பொறுமை வேண்டும். சூட்டோடு குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் கலங்கிவிடுகிறது. மேசை மேல் மூடி வைத்து, பாத்திரத்தைத் தொட்டால் சூடு தெரியாத நிலை வந்த பிறகு உள்ளே வைத்தால் கலங்கல் வெகுவாகக் குறைகிறது. எங்கள் வீட்டில் இதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதற்கு மேல் வெளியே விடுவதும் சரியில்லை. சீனி சேர்ந்த சாயா நம் கோடை வெப்பத்தில் ஓர் இரவு வெளியே இருந்தால் புளித்த வாடை வந்துவிடும். கண்ணாடிப் புட்டியில் தேயிலையும் தண்ணீரும் போட்டு வெயிலில் வைத்தே டீ இறக்கும் பழக்கம் அமெரிக்காவில் சிலரிடம் உண்டு. நம்மிடம் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பதால் அது கவர்ச்சியாகத் தோன்றலாம். ஆனால் வெயிலில் வைத்த தண்ணீர் கிருமிகளைக் கொல்லும் சூட்டை எட்டாது, அவை பெருகுவதற்கு ஏற்ற இளஞ்சூட்டிலேயே பல மணி நேரம் கிடக்கும். வீட்டில் குழந்தைகள் இருப்பதால் நான் அதைச் செய்ததில்லை.

சுவை நீர்த்துப் போவதற்கு வருகிறேன். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. 30 டிகிரியில் இருக்கும் 200 மில்லி சாயாவை 4 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 60 கிராம் ஐஸ் உருக வேண்டும்; அதாவது நாம் குடிப்பதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. அதே சாயாவைக் குளிர்சாதனப் பெட்டியில் 8 டிகிரிக்குக் குளிர வைத்த பிறகு ஐஸ் போட்டால், 10 கிராம் உருகினாலே போதும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து, ஆறிய சாயாவைக் குறைந்தது நான்கு மணி நேரமாவது உள்ளே வைக்காமல் நான் ஐஸ் சேர்ப்பதில்லை. காலையில் போட்டு வைத்தால் நான்கு மணிக்குச் சரியாக இருக்கும். கொஞ்சம் சாயாவையே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொள்வதும் உண்டு. அந்தக் கட்டிகள் உருகினாலும் சாயாதான்.

எலுமிச்சையைத் தம்ளரில்தான் பிழிய வேண்டும், பாத்திரத்தில் பிழியக் கூடாது. புளிப்பு பட்டவுடன் சாயாவின் செம்மை வெளுத்து வைக்கோல் நிறமாகும். தியாரூபிஜின் புளிப்பில் நிறம் மாறும் இயல்புடையது. பிள்ளைகளுக்கு அந்த நிறமாற்றத்தைப் பார்ப்பதே விருப்பம். ஆனால் எலுமிச்சை கூடினால் சாயா ஒதுங்கிக்கொண்டு போஞ்சி முன்னால் வந்து நிற்கும். எலுமிச்சைச் சாற்றைப் போஞ்சி என்று அழைக்கும் எங்கள் ஊரில், வேண்டுமானால் அதைத் தனியாகவே குடித்துக்கொள்ளலாம். ஒரு தம்ளருக்கு அரை மூடியின் பாதி போதும். வேறு மணம் வேண்டும் என்றால் நான் கிராம்பைத்தான் சொல்வேன். நம் மாவட்டத்து மலைகளில் விளையும் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இலை ஊறும்போது ஒரு லிட்டருக்கு இரண்டே இரண்டு போட்டால் தேயிலையின் மணத்தோடு இணைந்து நிற்கும். ஏலக்காய், புதினா, இஞ்சி என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்திருக்கிறேன். புதினா மட்டும் மோசமில்லை. தொட்டுக்கொள்ள உப்பிட்ட ஏத்தங்காய் சிப்ஸ் இருந்தால் இனிப்பு திகட்டாது.

போட்டு வைத்ததை இரண்டு நாட்களுக்குள் குடித்து முடித்துவிட வேண்டும். மூன்றாம் நாள் மணம் போய்விடுகிறது.

அம்மா இன்றும் ஐஸ் டீ குடிப்பதில்லை. ஆனால் கோடையில் காலையில் நான் இலையை வடிகட்டிச் சீனியைக் கரைத்து முடிக்கும் நேரம் பார்த்து, தம்ளரில் கால்வாசி கொதிநீரோடு அடுக்களை வாசலில் வந்து நிற்பார். மீதித் தண்ணீரைச் சேர்ப்பதற்கு முன்பாக அந்த அடர்த்தியான சூடான சாற்றில் கொஞ்சத்தை அவருடைய தம்ளரில் ஊற்றிவிடுவேன். அவர் அதை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணையான படிப்புரைக்குப் போய் உட்கார்ந்து, வியர்க்க வியர்க்கக் கட்டன் சாயா குடிப்பார். அவருக்காக இப்போதெல்லாம் ஒரு கிராம் இலையைக் கூடுதலாகவே போடுகிறேன்.